குழாய்த் தண்ணீரில் குளோரோஃபார்ம் எவ்வளவு?

ஆசிரியருக்கு வணக்கம்.

போன மாதம் எங்கள் குடியிருப்பில் சம்ப் கழுவ வந்தவர், அடியில் வண்டல் இருக்கும்போதே பிளீச்சிங் பவுடரை அளவே பார்க்காமல் கையால் அள்ளி அள்ளிக் கொட்டிவிட்டுப் போனார். மறுநாள் குழாயைத் திறந்தால் நீச்சல் குளத்து நெடி, வடித்த சோற்றில்கூட அந்த வாடை. சங்கத்தில் கேட்டதற்கு, "கிருமி செத்துடும், நல்லதுதானே?" என்றார்கள்.

கிருமி சாகும், சரி. ஆனால் தண்ணீரில் இருக்கும் மக்கிய இலைதழையோடும் பாசியோடும் அந்தப் பவுடரிலிருந்து வரும் குளோரின் சேர்ந்தால் ட்ரைஹாலோமீத்தேன்கள் என்ற வேதிப்பொருள்கள், முக்கியமாகக் குளோரோஃபார்ம் முதலான நான்கு, உண்டாகும். நெதர்லாந்தின் ரோட்டர்டாம் குடிநீர் நிலையத்தில் வேலை பார்த்த ரூக் என்ற வேதியியலாளர் 1974-லேயே இதை எழுதிவிட்டார். இந்தத் தண்ணீரைப் பல வருடம் குடிப்பவர்களுக்குச் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் வாய்ப்பு கூடுவதாகப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. குடித்தால்தான் என்றில்லை, வெந்நீரில் குளிக்கும்போது ஆவியாகி மூச்சிலும் போகிறது. வெயில் ஏற ஏற இந்த வேதிவினை வேகமாகும், அதனால் ஏரி வற்றிப் பாசி படரும் நம் ஊர்க் கோடையில்தான் கூடுதல் கவனம் வேண்டும்.

அமெரிக்காவில் இந்த நான்கு ட்ரைஹாலோமீத்தேன்களும் சேர்ந்தே லிட்டருக்கு 80 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது. ஐ.எஸ். 10500 என்ற நம் இந்தியக் குடிநீர்த் தரத்தில் குளோரோஃபார்முக்கு மட்டுமே 200 வரை அனுமதி. இவ்வளவு தாராளம் எனக்குச் சரியாகப் படவில்லை.

இதற்காகக் குளோரினை நிறுத்தச் சொல்லவில்லை, அதை நிறுத்தினால் காலராவும் மஞ்சள் காமாலையும் வீட்டுக்குள் வந்துவிடும். குழாய் முனையில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிஞ்சியிருக்கத்தான் வேண்டும். நான் கேட்பது, குளோரின் போடும் முன்பே பாசியையும் மக்கலையும் நன்றாக வடிகட்டுங்கள், சம்ப்பில் வண்டலை வாரியெடுத்த பிறகு மருந்தை அளந்து போடுங்கள் என்பதுதான். வீட்டில் நாங்கள் இப்போது தண்ணீரை மூடி போடாமல், ஜன்னலைத் திறந்து வைத்துக் கொதிக்க விடுகிறோம், குளோரோஃபார்ம் பெருமளவு ஆவியாகிவிடும். ஆனால் கூடவே உண்டாகும் ஹாலோஅசிட்டிக் அமிலங்கள் அப்படிப் போகாது, ஆகவே இதை வீட்டு அடுப்போடு முடித்துவிட முடியாது.

குடிநீர் வழங்கும் நிர்வாகங்கள் பகுதிவாரியாக, குறிப்பாக நீளமான குழாயின் கடைசியில் இருக்கும் தெருக்களில், மூன்று மாதத்துக்கு ஒருமுறை இந்த நான்கையும் சோதிக்க வேண்டும். வந்த அளவைத் தண்ணீர் வரி ரசீதிலேயே அச்சடித்துக் கொடுக்கட்டும்.

- ஒரு வாசகர், கொளத்தூர், சென்னை