கோல் கணக்கில் என் பெயர் மட்டும்தான் இருக்கிறது

என்னோடு ஓடியவர்களுக்கும் என்னை ஓட வைத்தவர்களுக்கும்,

கால்பந்திலிருந்து நான் ஓய்வு பெறுவதாகக் கழகம் வெளியிட்ட அறிவிப்பு நான்கே வரிதான். ஆடிய ஆட்டங்கள் இத்தனை, அடித்த கோல்கள் இத்தனை. தப்பில்லை, முன்கள வீரனை அப்படித்தான் அளப்பார்கள். ஆனால் அதை வாசித்தபோது, அடுத்தவர் சொத்தைத் தன் பெயரில் பதிவு செய்துகொண்டவனின் கூச்சம் எனக்கு வந்தது. அந்தக் கணக்கைக் கொஞ்சம் திருத்தி எழுத வேண்டியிருக்கிறது.

முதலில், சிறுவர் அணியில் எனக்குப் பயிற்சி அளித்தவர். ஐயா, பந்து என் காலை நோக்கி வந்துகொண்டிருக்கும்போது என் முதுகுக்குப் பின்னால் நின்று விரல்களை உயர்த்திப் பிடிப்பீர்கள். பந்தைத் தொடுவதற்குள் எத்தனை விரல் என்று நான் சொல்லியாக வேண்டும். தவறாகச் சொன்னால் மறுபடியும் முதலிலிருந்து. பத்து வயதில் அது பயிற்சி என்றே எனக்குத் தோன்றவில்லை, உங்களுக்கு என்மேல் ஏதோ கோபம் என்று நினைத்தேன். தொழில்முறை ஆட்டத்துக்கு வந்த பிறகுதான் புரிந்தது. பெனால்டி பெட்டிக்குள் பந்து வந்த பின் திரும்பிப் பார்ப்பவனுக்கு நேரம் கிடையாது. தடுப்பாட்டக்காரர் எந்தத் தோளுக்குப் பின்னால் நிற்கிறார், கோல்கீப்பர் எவ்வளவு முன்னேறி வந்திருக்கிறார் என்பதெல்லாம் அதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். நான் வேகமானவன் என்று எழுதினார்கள். உண்மையில் என்னைவிட வேகமான தடுப்பாட்டக்காரர்களையே அதிகம் சந்தித்திருக்கிறேன். நான் அரை நொடி முன்னதாகப் புறப்பட்டேன், அவ்வளவுதான். அந்த அரை நொடி உங்கள் விரல்களில் இருந்தது.

அடுத்து, எங்கள் இரண்டாம் கோல்கீப்பர். இந்தக் கணக்கில் பெரிய திருத்தம் இவருடையது. நண்பா, போட்டி நாள்களில் நீ பெஞ்சில் உட்கார்ந்திருப்பாய். பயிற்சி முடிந்து எல்லோரும் குளிக்கப் போன பிறகு உனக்கும் எனக்கும் இன்னோர் ஆட்டம் தொடங்கும். கோல் கம்பங்களுக்கு நடுவே 7.32 மீட்டர், உயரம் 2.44 மீட்டர். பார்வையாளர் இருக்கையிலிருந்து பார்த்தால் கதவு திறந்து கிடப்பதுபோல் இருக்கும். நீ வந்து நின்றால் அது சன்னலாகிவிடும்.

நான் எங்கே உதைக்கப்போகிறேன் என்பதை ஒவ்வொரு முறையும் முன்கூட்டியே சொன்னாய். எப்படி என்று கேட்டால் சிரிப்பாய். பல வாரங்கள் கழித்துத்தான் சொன்னாய்: "உன் ஊன்றுகால் காட்டிக்கொடுக்கிறது. அது எந்தப் பக்கம் பார்க்கிறதோ அங்கேதான் பந்து வருகிறது." அதை மறைக்க ஒரு பருவம் முழுதும் ஆனது. பெனால்டிக்கும் நீயே ஆசான். 11 மீட்டரில் பந்தை வைத்துவிட்டு வலுவாக உதைப்பதிலேயே குறியாக இருந்தவனிடம், "பந்தைப் பார்க்காதே, என் காலைப் பார். எந்தக் காலை ஊன்றி உந்துகிறேனோ அதற்கு எதிர்ப்பக்கம்தான் பாய்வேன்" என்றாய். சொந்தத் தொழிலின் ரகசியத்தை எதிராளிக்கு விற்ற முதல் கோல்கீப்பர் நீயாகத்தான் இருப்பாய், அதுவும் இலவசமாக. 2019 விதித்திருத்தத்துக்குப் பிறகு, உதைக்கும் கணத்தில் கோல்கீப்பரின் ஒரு பாதமாவது கோட்டோடு இருக்கிறதா என்று வீடியோ நடுவர்கள் உற்றுப் பார்க்கத் தொடங்கியபோது, நீ என்னோடு நான்கு நாள் சரியாகப் பேசவில்லை. விதியை நான்தான் எழுதினேன் என்பதுபோல.

பயிற்சியாளர் அவர்களே, நான் ஒரு கோலும் அடிக்காத அந்த 11 ஆட்டங்கள் உங்களுக்கும் நினைவிருக்கும். கோல் வராத முன்கள வீரனுக்குக் காலில் கோளாறு என்று வெளியே இருப்பவர்கள் நினைப்பார்கள். கோளாறு காலில் இல்லை, நேரக் கணிப்பில். முன்பெல்லாம் தானாக உதைத்த கால் இப்போது யோசிக்கும். பந்தை ஒரு முறை கூடுதலாகத் தொடும். அதற்குள் யாராவது குறுக்கே விழுந்துவிடுவார்கள். பதினோராவது ஆட்டத்துக்கு மறுநாள் நீங்கள் கூப்பிட்டு அனுப்பியபோது, அணியிலிருந்து நீக்கப்போகிறீர்கள் என்று நினைத்துத்தான் வந்தேன். நீங்கள் ஒரு வீடியோவைப் போட்டீர்கள். நான் தவறவிட்ட உதைகளில் ஒன்றுகூட அதில் இல்லை. பந்தில்லாமல் நான் ஓடிய ஓட்டங்களை மட்டும் வெட்டிச் சேர்த்திருந்தீர்கள். முதல் கம்பத்தை நோக்கி நான் பாய்கிறேன், இரண்டு தடுப்பாட்டக்காரர்கள் என்னோடு இழுபட்டு வருகிறார்கள், அவர்கள் விட்டுவந்த இடத்தில் நம் நடுக்கள வீரர் ஆற அமர நின்று அடிக்கிறார். ஒரு வார்த்தை சொல்லாமல் விளக்கைப் போட்டீர்கள்.

1982 உலகக் கோப்பையில் இத்தாலியின் முன்கள வீரர் பாவ்லோ ரோசி முதல் நான்கு ஆட்டங்களில் ஒரு கோலும் அடிக்கவில்லை. அணியின் பயிற்சியாளர் என்சோ பேர்ஸோட் அவரை நீக்கவில்லை. பிரேசிலுக்கு எதிராக மூன்று, போலந்துக்கு எதிராக இரண்டு, இறுதியாட்டத்தில் ஒன்று என ஆறு கோல்களோடு அந்தக் கதை முடிந்தது. அந்தக் கதையை எனக்கு நானே சொல்லிக்கொண்டுதான் உங்கள் அறையைவிட்டு வெளியே வந்தேன். நான் ரோசி இல்லை. 12ஆவது ஆட்டத்திலும் கோல் வரவில்லை. 13ஆவதில் வந்தது, அதுவும் பந்து என் முழங்காலில் பட்டுத் தெறித்ததால். 2018இல் பிரான்ஸ் உலகக் கோப்பையை வென்றபோது, அதன் முன்கள வீரர் ஒலிவியே ஜிரூ தொடர் முழுவதும் இலக்கை நோக்கி ஓர் உதைகூடச் சரியாக உதைக்கவில்லை என்று பலர் கேலி செய்தார்கள். உங்கள் வீடியோவைப் பார்த்திருந்த எனக்குச் சிரிப்பு வரவில்லை.

என் பிசியோதெரபிஸ்டிடம் நன்றியோடு மன்னிப்பும் கேட்க வேண்டும். அன்று என்னை யாரும் இடிக்கவில்லை. ஓடிவந்து திரும்பினேன், உடல் திரும்பியது, பாதம் புல்லிலேயே நின்றுவிட்டது. முழங்காலின் முன்குறுக்குத் தசைநார் அறுந்துவிட்டது. அறுவை மருத்துவர் தொடையின் பின்புறத்திலிருந்து ஒரு நாணை எடுத்து அந்த இடத்தில் பொருத்தினார். அவருக்கும் நன்றி. ஆனால் அவருடைய வேலை ஒரே நாளில் முடிந்தது, உங்களுடையது பத்து மாதம். ஓட்டத்தைப் பற்றிய பேச்சே முதலில் கிடையாது. படுத்தபடி முழங்காலை முழுதாக நீட்ட வேண்டும், தொடைத்தசையை இறுக்க வேண்டும். அதற்கே வியர்த்தது. ஏழாவது மாதம் வலி போய்விட்டது, ஆட விடுங்கள் என்று கத்தினேன். நீங்கள் பதில் பேசாமல் ஒற்றைக் காலில் தாண்டச் சொல்லி, இரண்டு காலின் தூரத்தையும் அளந்து காட்டினீர்கள். அடிபட்ட கால் இன்னும் பின்தங்கியிருந்தது. கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனேன். கதவிடமும் மன்னிப்பு கேட்கிறேன்.

1958இல் ஒரே உலகக் கோப்பையில் 13 கோல் அடித்த பிரான்ஸ் வீரர் ஜுஸ்ட் ஃபோன்டேனின் ஆட்டவாழ்வு கால் முறிவுகளால் 28 வயதில் முடிந்துபோனது. அவருடைய திறமையில் கால்வாசிகூட இல்லாத நான் அந்த வயதைத் தாண்டியும் ஆடினேன் என்றால் அது உங்கள் பிடிவாதம்.

அதே ஃபோன்டேன் அந்தத் தொடரில் சக வீரரிடம் இரவல் வாங்கிய பூட்ஸோடு ஆடியவர். எனக்கு அந்தத் தேவை ஒரு நாளும் வரவில்லை. மழை பெய்தால் நான் கேட்பதற்கு முன்பே நீளமான ஆணிகளை மாற்றிவைத்திருந்த உடைப்பொறுப்பாளர் அண்ணனுக்கு நன்றி. வார இறுதி என்ற ஒன்றையே அறியாத என் குடும்பத்துக்கும் நன்றி. அவர்களிடம் சொல்ல வேண்டியதை வீட்டிலேயே சொல்லிக்கொள்கிறேன்.

ஓர் எதிரணித் தடுப்பாட்டக்காரரையும் விட்டுவிட முடியாது. எத்தனையோ ஆட்டங்களில் என் சட்டையைப் பிடித்து இழுத்திருக்கிறார், கணுக்காலை மிதித்திருக்கிறார், நடுவர் திரும்பியதும் கைகளை விரித்து அப்பாவியாக நின்றிருக்கிறார். நான் முழங்காலோடு படுத்திருந்த நாள்களில் வாரம் தவறாமல் நலம் விசாரித்த எதிரணிக்காரர் அவர் ஒருவர்தான். திரும்பி வந்த முதல் ஆட்டத்தில் ஐந்தாவது நிமிடமே கீழே தள்ளினார். நான் குணமாகிவிட்டேன் என்று எனக்கே நம்பிக்கை வந்தது அப்போதுதான்.

கடைசியாக, என் பழைய இடது பின்கள ஆட்டக்காரனே, உனக்கு. ஆட்டம் முடியும் தறுவாயில் நீ தூக்கி அனுப்பிய பந்தை நான் தலையால் முட்டி அடித்த அந்தக் கோலைப் பற்றிப் பேட்டிகளில் கேட்டபோதெல்லாம், "அது நாங்கள் பயிற்சியில் பலமுறை ஒத்திகை பார்த்தது" என்று சொல்லி வந்திருக்கிறேன். நீயும் பக்கத்தில் நின்று தலையாட்டியிருக்கிறாய். இப்போது இருவரும் ஓய்வு பெற்றுவிட்டோம், சொல்லிவிடலாம். நீ கோலுக்குத்தான் உதைத்தாய். உன் உதை கோணலாகப் போனது, வழியில் என் தலை இருந்தது.

அன்புடன்,
உங்கள் ஒன்பதாம் எண் சட்டைக்காரன்