மஞ்சள் பையில் போடும் முன் ஒருமுறை பாருங்கள்: ஒரு பிரசவ அறைச் செவிலியரின் திறந்த மடல்

தமிழ்நாடு அரசு மருத்துவக் கல்லூரிகளின் மகப்பேறு, நோயியல் துறைப் பேராசிரியர்களுக்கும் நெறிமுறைக் குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

எங்கள் வீட்டில் பசு கன்று போட்ட ராத்திரி யாரும் தூங்க மாட்டோம். கன்று வந்துவிடும், இளங்கொடி, அதாவது மாட்டின் நஞ்சுக்கொடி, விழத்தான் மணிக்கணக்காகும். மாடு அதைத் தின்றுவிடக் கூடாது என்று அப்பா அரிக்கேன் விளக்கோடு தொழுவத்திலேயே உட்கார்ந்திருப்பார். விழுந்ததும் குச்சியால் புரட்டி, முழுசாக வந்திருக்கிறதா என்று பார்ப்பார். அப்புறம் வைக்கோலில் பொதிந்து சாக்கில் கட்டி, விடிந்ததும் ஏரிக்கரை ஆலமரத்தில் தொங்கவிட்டு வருவார். பால் வடிகிற மரத்தில் கட்டினால் மாடும் நன்றாகக் கறக்கும் என்பது நம்பிக்கை.

22 வருடமாக நான் பிரசவ அறையில் செவிலியராக இருக்கிறேன். என் தட்டில் விழுந்த நஞ்சுக்கொடிகளுக்குக் கணக்கே இல்லை. தாயின் பக்கத்தைத் திருப்பி மடல்கள் பிய்யாமல் இருக்கின்றனவா, சவ்வு முழுசா, தொப்புள்கொடியில் மூன்று ரத்தக்குழாய்கள் இருக்கின்றனவா என்று பார்ப்பேன். இரண்டு நிமிட வேலை. கேஸ் ஷீட்டில் 'முழுமையாக வெளியேறியது' என்று ஒரு வரி. பிறகு மஞ்சள் பை. 2016-ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு விதிகள்படி அது எரியூட்டும் ஆலைக்குப் போகும். அந்த விதியில் எனக்குக் குறையில்லை. எரிப்பதற்கு முன் ஏன் யாரும் அதை நிதானமாகப் பார்ப்பதில்லை என்பதுதான் என் கேள்வி.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு இரவு, 30 வாரக் கர்ப்பிணி ஒருத்தி வந்தாள். பிபி 170/110. முகமெல்லாம் வீங்கியிருந்தது, கண் மங்கலாகத் தெரிகிறது என்றாள். உடனே வலிப்பைத் தடுக்கும் மேக்சல்ஃப் ஊசி போட்டோம். ஃபிட்ஸ் வராமல் அவளைக் காப்பாற்றிவிட்டோம். குழந்தை 880 கிராம், ஒன்பது மணி நேரம் இருந்தது. அவளுக்கு இது இரண்டாவது இழப்பு. முதல் குழந்தை வேறொரு மருத்துவமனையில் ஏழாம் மாதத்தில் வயிற்றிலேயே இறந்திருக்கிறது. அந்த டிஸ்சார்ஜ் சீட்டை வாங்கிப் பார்த்தேன். நஞ்சுக்கொடியைப் பற்றி அதிலும் அதே ஒரு வரிதான்.

அன்று என் தட்டில் இருந்தது என் உள்ளங்கையைவிடக் கொஞ்சம்தான் பெரிது. அழுத்தினால் பஞ்சுபோல அமுங்க வேண்டிய இடங்கள் கொட்டைப்பாக்காகக் கெட்டித்து வெளுத்திருந்தன. எடை போட நினைத்தேன். எங்கள் அறையில் குழந்தைக்குத் தராசு உண்டு, நஞ்சுக்கொடிக்குக் கிடையாது. இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு நானே பையில் போட்டு முடிச்சும் போட்டேன்.

மறுநாள் காலையில் அவள் கேட்டாள்: "சிஸ்டர், ரெண்டு தடவையும் எனக்கு மட்டும் ஏன் இப்படி ஆச்சு?" பக்கத்தில் இருந்த மாமியார், "சொல்லச் சொல்லக் கேக்காம கடைசி வரைக்கும் கம்பெனிக்குப் போனா" என்றார். நான் பதில் சொல்லவில்லை. பதில் இருந்த ஒரே இடத்தை முந்தின இரவு எரிக்க அனுப்பியிருந்தேன்.

அதற்குப் பிறகுதான் நான் இதைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். உங்களுக்குப் பாடம் எடுக்க வரவில்லை. ஆனால் இந்த மடலைத் தாய்மார்களும் படிப்பார்கள், அவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன்.

நஞ்சுக்கொடி தாயின் உறுப்பு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது கருவிலிருந்து வளர்வது, அதில் பாதி தகப்பன் வழி வந்தது. அவனுடைய சிறுநீரகத்தை அப்படியே அவள் உடம்பில் வைத்தால், மருந்து கொடுத்து அடக்காவிட்டால் அவள் உடம்பு அதைத் தாக்கிவிடும். ஆனால் அவன் பங்கைச் சுமந்த இந்த உறுப்பு, கருப்பைச் சுவரைத் துளைத்து அவள் ரத்தக்குழாய்வரை போகிறது. அதை மட்டும் அவள் உடம்பு ஒன்பது மாதம் வைத்துக்கொள்கிறது. இது எப்படி நடக்கிறது என்று 1953-ல் பீட்டர் மெடவார் கேட்டார். உறுப்பு மாற்று ஆராய்ச்சிக்காகப் பின்னாளில் நோபல் பரிசு வாங்கியவர். தாயின் எதிர்ப்புச் சக்தி கர்ப்பத்தில் தூங்கிவிடுகிறதோ என்பது அவர் யோசித்த விடைகளில் ஒன்று.

தூங்கவில்லை. முதல் மூன்று மாதத்தில் கருப்பையின் உள்சுவரில் இருக்கும் வெள்ளை அணுக்களில் 70 சதவீதம் போல ஒரே வகை: இயற்கைக் கொல்லி அணுக்கள். பெயர்தான் கொல்லி. கருப்பையில் அவை செய்வது கட்டுமான வேலை. கருவிலிருந்து வரும் அணுக்களோடு சேர்ந்து, சுருள் சுருளாக ஒடுங்கிக் கிடக்கும் தாயின் தமனிகளை அகலமாக்குகின்றன. அது சரியாக நடந்தால் நாற்றங்காலுக்கு மடை திறந்ததுபோல ரத்தம் நிதானமாகப் பரவும். நடக்காவிட்டால், தண்ணீர்க் குழாயின் வாயை விரலால் அழுத்தினால் பீய்ச்சுமே, அப்படிப் பீய்ச்சி அடித்து நஞ்சுக்கொடியின் மெல்லிய நீட்சிகளைச் சிதைக்கும். நான் தட்டில் தொட்டுப் பார்த்த அந்தக் கெட்டி இடங்கள் ரத்தம் கிடைக்காமல் செத்துப்போனவை.

அந்தப் பெண்ணின் பிபி எப்படி ஏறியது? ப்ரீ-எக்லாம்ப்சியா என்று இந்த நோய்க்குப் பெயர். 2003-ல் அமெரிக்காவில் ஒரு குழு இதற்குப் பெரிய விடை ஒன்றைக் கண்டது. அதை நடத்திய அனந்த் கருமஞ்சி நம் சென்னையில் மருத்துவம் படித்தவர். ரத்தம் போதாத நஞ்சுக்கொடி, எஸ்ஃப்ளிட்-1 என்ற புரதத்தை அளவுக்கு மீறித் தாயின் ரத்தத்தில் கொட்டுகிறது. தாயின் ரத்தக்குழாய்களைப் பேணும் புரதங்களை அது பிடித்துக்கொள்கிறது. குழாய்களின் உள்பூச்சு கெட்டு பிபி ஏறுகிறது, சிறுநீரில் புரதம் ஒழுகுகிறது. அதையே எலிக்குச் செலுத்தியபோது எலிக்கும் பிபி ஏறியது. நான் பணியில் சேர்ந்த புதிதில் சிறுநீரைச் சோதனைக் குழாயில் சூடாக்கிப் பார்ப்போம். புரதம் இருந்தால் மேல்பக்கம் முட்டை வெள்ளைபோலத் திரளும். எத்தனையோ குழாய்களை விளக்கில் காட்டியிருக்கிறேன். அதற்குக் காரணம் நாங்கள் கடைசியில் தூக்கிப் போடுகிற பொருளில் இருக்கிறது என்று அன்று எனக்குத் தெரியாது.

கண்டுபிடித்த மூளை இங்கே படித்தது. நஞ்சுக்கொடிகள் இங்கே ஆண்டுக்கு 8 லட்சம் போல விழுகின்றன. அதிலும் 99 சதவீதத்துக்கு மேல் மருத்துவமனைகளில்தான். இப்படி ஒரு வசதி பல நாடுகளுக்கு இல்லை.

வெளிநாட்டில் செய்த ஆராய்ச்சியே போதாதா என்று கேட்பீர்கள். போதாது என்பதற்கு உகாண்டாவே சாட்சி. தாயின் கொல்லி அணுக்களில் உள்ள ஒருவகை மரபணுக்களும் கருவின் அணுக்களுக்கு அடையாளம் கொடுக்கும் எச்எல்ஏ-சி மரபணுவும் பொருந்தாமல் போனால் இந்த நோய்க்கு வாய்ப்பு கூடுகிறது என்று கேம்பிரிட்ஜில் ஆஷ்லி மோஃபெட் குழு 2004-ல் காட்டியது. உகாண்டாவின் கம்பாலாவில் அனெட்டி நகிமுலி என்ற மகப்பேறு மருத்துவர் தங்கள் பெண்களிடம் இதைப் பார்த்தார். அங்கே பாதுகாப்புக் கொடுத்தது ஐரோப்பியப் பெண்களுக்குப் பாதுகாப்புக் கொடுத்த மரபணு அல்ல, வேறு. 2015-ல் அதை வெளியிட்டார்கள். இந்த மரபணுக்கள் மக்களுக்கு மக்கள் மாறுகிறவை. நம் பெண்களுக்கான விடையை நம் பிரசவ அறையில்தான் தேட வேண்டும்.

நம் நாட்டிலும் வழி காட்டியிருக்கிறார்கள். 2015-ல் குருகிராம் அரசு மருத்துவமனையில் தொடங்கிய கர்ப்-இனி திட்டம் ஆயிரக்கணக்கான கர்ப்பிணிகளைத் தொடக்கத்திலிருந்தே பின்தொடர்ந்தது. அந்தத் தரவை வைத்துத்தான் சென்னை ஐ.ஐ.டி.யும் சேர்ந்து கருவின் வயதைக் கணிக்க இந்தியாவுக்கென்றே ஒரு கணக்கை உருவாக்கியது. அரசு மருத்துவமனைக் கூட்டத்துக்கு நடுவே இதெல்லாம் நடக்காது என்று இனிச் சொல்ல முடியாது.

ஆராய்ச்சி ஒரு பக்கம் இருக்கட்டும். நுண்ணோக்கியில் நஞ்சுக்கொடியைப் பார்த்தால் மட்டுமே தெரிகிற நோய்கள் இருக்கின்றன. அதில் ஒன்றில் தாயின் வெள்ளை அணுக்கள் நஞ்சுக்கொடியின் நீட்சிகளுக்கு இடையே கூட்டமாகக் குவிந்திருக்கும். அவள் உடம்பு அதை ஏற்காமல் எதிர்க்கிறது என்பதற்கு அடையாளமாக அதைக் கருதுகிறார்கள். அடுத்தடுத்த கர்ப்பத்திலும் அது திரும்ப வரும் வாய்ப்பு அதிகம். ஸ்கேனில் அதன் பெயர் தெரியாது. இரண்டு முறை இழந்த ஒரு பெண்ணுக்கு இது இருந்ததா இல்லையா என்று தெரியாமல் மூன்றாவது முறை அனுப்புவது எனக்குப் பொறுக்கவில்லை. ரத்த ஓட்டக் கோளாறுதான் என்று தெரிந்தாலும் அடுத்த கர்ப்பத்தில் 12 வாரத்திலிருந்தே ஆஸ்பிரின் கொடுக்கலாம். ஆபத்து அதிகமுள்ள பெண்களுக்கு தினம் 150 மில்லிகிராம் கொடுத்தபோது, இந்த நோயில் குறைமாதத்திலேயே பிரசவத்தில் கொண்டுபோய் விடும் வகை 62 சதவீதம் குறைந்தது என்று 2017-ல் ஒரு பெரிய ஆய்வு காட்டியது. எவ்வளவு மலிவான மாத்திரை அது!

கர்ப்பிணிக்கு நாங்கள் போடும் டி.டி. ஊசியை, அதாவது ரணஜன்னித் தடுப்பூசியைப் பாருங்கள். தாய் உடம்பில் உண்டாகும் எதிர்ப்பொருளைத் தேர்ந்தெடுத்துக் குழந்தைக்குக் கடத்துவது நஞ்சுக்கொடிதான். கடைசி வாரங்களில்தான் அதிகம் கடத்தும், அதனால்தான் குறைமாதக் குழந்தை அந்தப் பாதுகாப்பை முழுசாக வாங்காமல் பிறந்துவிடுகிறது. பிறந்த குழந்தை ரணஜன்னி கண்டு விறைத்துச் சாவதை என் மூத்த செவிலியர்கள் கண்டிருக்கிறார்கள், நான் கண்டதில்லை. இவ்வளவு செய்த உறுப்புக்கு நாம் கொடுக்கும் மரியாதை ஒரு வரி.

நான் கேட்பது பெரிய கட்டடம் இல்லை. எல்லா நஞ்சுக்கொடியையும் எடைபோட்டு எழுதும்படி ஒரு தராசும் பதிவேடும் கொடுங்கள். குறைமாதம், எடை குறைவு, பிபி, வயிற்றிலேயே இறப்பு என்று வருகிறவற்றை ஃபார்மலினில் போட்டு நோயியல் துறைக்கு அனுப்புவதைக் கட்டாயமாக்குங்கள். எந்தெந்தத் துண்டு வெட்ட வேண்டும் என்று ஆம்ஸ்டர்டாமில் கூடி எழுதிய உலக வரையறை இருக்கிறது, புதிதாக யோசிக்க வேண்டியதில்லை. ஆறேழு கல்லூரிகளிலாவது உறைநிலைச் சேமிப்பும் வேண்டும். பிறந்து அரை மணிக்குள் துண்டை உறைய வைக்காவிட்டால் உள்ளிருக்கும் மரபுச் செய்திகள் சிதைய ஆரம்பித்துவிடும். நடு ராத்திரிப் பிரசவத்துக்கும் அந்த அரை மணிதான்.

நெறிமுறைக் குழுவினரிடம் தனியாக ஒன்று. இடுப்பு வலியில் துடிப்பவளிடம் கையெழுத்து வாங்க வைக்காதீர்கள். ஐந்தாம் மாதம் ஸ்கேனுக்கு வரும்போதே உட்கார வைத்து நல்ல தமிழில் சொல்லிக் கேளுங்கள். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் புதைக்க வேண்டும் என்கிற குடும்பம் இருக்கும், வேண்டாம் என்றால் வேண்டாம்தான். சரி என்றவளுக்கு முடிவு அவள் கையில் கிடைக்க வேண்டும், ஆய்வுக் கட்டுரையில் மட்டும் இருந்தால் போதாது. அவளுடைய மகப்பேறு அட்டையில் நாலு வரியில் எழுதிக் கொடுங்கள். கம்பெனிக்குப் போனதால் குழந்தை சாகவில்லை என்று ஒரு மருத்துவரின் கையெழுத்தோடு காகிதம் இருந்தால், அந்த வீட்டில் அவளுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும்.

ஆள் இல்லை என்பீர்கள். உண்மைதான், ஒரு ஷிஃப்டில் நாங்கள் படும் பாடு உங்களுக்கும் தெரியும். ஆனாலும் எடை போட்டு, வாளியில் போட்டு, சீட்டு ஒட்ட ஐந்து நிமிடம் போதும். என்னோடு வேலை செய்கிறவர்களிடம் கேட்டுவிட்டேன், செய்கிறோம் என்கிறார்கள். நோயியல் துறையில் அதைப் பார்க்க ஒருவரை நீங்கள்தான் ஒதுக்க வேண்டும்.

அந்தப் பெண் போன மாதம் மறுபடி வந்தாள். எட்டு வாரம். பழைய பிபியை வைத்து ஆஸ்பிரின் தொடங்கத் தேதி குறித்திருக்கிறோம். கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "இந்தத் தடவையாவது என்னன்னு பார்ப்பீங்களா சிஸ்டர்?" என்றாள். பார்ப்போம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவளுக்குத் தேதி நவம்பர் கடைசி. அவளுக்கு முன்னாடியே வலி வந்துவிடுகிறது என்பதால் செப்டம்பருக்குள் அந்த வாளி எங்கள் அறையில் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
அரசு மருத்துவமனைப் பிரசவ அறைச் செவிலியர் ஒருவர்