உண்ணியா, ஒட்டுண்ணியா?

பங்காளிக்கு,

விவசாயிகள் கூட்டத்தில் எப்படிப் பேசினால் புரியும் என்று வாட்ஸ்அப்பில் நீ கேட்டதற்கு ரெண்டு வரியில் பதில் போட வரவில்லை, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். வீட்டில் எல்லாரும் சௌக்கியம். அம்மாவுக்கு மூட்டுவலிதான் விட்டபாடில்லை.

தென்னந்தோப்பில் இந்த வருசமும் ஓலைச் சாற்றை உறிஞ்சுகிற வெள்ளை ஈ. 2016இல் இந்தியாவிலேயே முதன்முதலாக இந்தச் சுருள் வெள்ளை ஈயை நம்ம பொள்ளாச்சியில்தான் பார்த்தார்கள், அப்படியொரு பெருமை. போன மாதம் ஊர் மண்டபத்தில் ஒரு பூச்சியியல் அம்மிணி வந்து பேசினார். நல்ல படிப்பாளி, திரையில் படம் படமாகப் போட்டு "மருந்து அடிக்காதீங்க, ஒட்டுண்ணியை விடுங்க" என்றார். பின்னால் இருந்து எங்க பெரியப்பா, "ஏனுங்கம்மிணி, கட்டுத்தரையில இருக்கற உண்ணி பத்தாதுன்னு தோப்புக்கு வேற கொண்டாந்து விடோணுமுங்களா?" சபையே சிரித்துவிட்டது. அவர் பதறிப்போய் என்கார்சியா என்று அறிவியல் பேரைச் சொல்ல, இருந்த கொஞ்சமும் போச்சு.

மருந்துக்கடைக்காரர் இப்படியெல்லாம் குழப்புவதில்லை, "மூணே நாளுங்க" என்பார். அதைக் கேட்டுப் போன வருசம் நானே அடித்தேன். ஈ குறைந்த மாதிரி இருந்து திரும்ப ஏறிக்கொண்டது, ஏனென்றால் ஈயின் குஞ்சுக்குள் முட்டை வைத்து அதைத் தின்று தீர்க்கிற, எள்ளைவிடச் சின்ன குளவியும் அந்த மருந்தில் செத்திருக்கும். ஒட்டுண்ணி, என்கார்சியா எல்லாம் இந்தக் குளவிதான், அந்த ஒரு சொல்லை அம்மிணி முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

அப்புறம் டீ குடிக்கும்போது அவரே ஒரு ஓலையைத் திருப்பி, லென்ஸைப் பெரியப்பா கையில் கொடுத்தார். "வெள்ளையா இருந்தா உள்ள ஈக்குஞ்சு, கறுத்திருந்தா குளவி." பெரியப்பா அரை மணி நேரம் எண்ணிக்கொண்டிருந்துவிட்டு, "இந்தக் கறுப்பு ஓலையை வெட்டி அந்தக் கோடி மரத்துல கட்டுனா அங்கயும் பரவுமுங்களா?" என்றார். கூட்டத்தில் கொடுத்த துண்டறிக்கையில் நாலாவது பத்தியில் அதேதான் அச்சாகியிருந்தது, ஒருத்தரும் படிக்கவில்லை.

அதே துண்டறிக்கையில், ஓலையில் படிகிற கரும்பூசணத்துக்கு லிட்டருக்கு 25 கிராம் மைதாப் பசை தெளிக்கச் சொல்லியிருக்கிறது. சரி, அத்தனை உயர மரத்துக்கு ஆள் எங்கே, கூலி யார் கொடுப்பது? அதை நாங்கள் கேட்பதற்குள் கூட்டம் முடிந்துவிட்டது. நீ பேச்சைப் பாதியாகக் குறைத்து மீதி நேரத்தை விவசாயிகளிடம் விட்டுவிடு.

நீ கொடுமுடியில் மஞ்சள் கிழங்கு அழுகலைப் பற்றித்தானே பேசப்போகிறாய்? எடுத்த எடுப்பில் ட்ரைக்கோடெர்மா, நோய்ப் பூஞ்சாணத்தை அழிக்கிற எதிர் உயிரிப் பூஞ்சாணம் என்று ஆரம்பித்தால், "பூஞ்சாணத்துக்குப் பூஞ்சாணமா?" என்று கேட்க அங்கேயும் ஒரு பெரியப்பா இருப்பார். அதற்கு முன்னால் நோய் பிடித்த செடி ஒன்றைக் கொண்டு போ, லேசாக இழுத்தால் தண்டு கையோடு வருவதை அவர்களே இழுத்துப் பார்க்கட்டும். முழுசாகக் குணமாகாது, தண்ணீர் தேங்கினால் திரும்ப வரும் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடு. கடைக்காரர் அதைச் சொல்ல மாட்டார்.

ஊருக்கு வரும்போது பத்து மடங்கு பெரிதாகக் காட்டுகிற லென்ஸ் ஒன்று வாங்கி வா. பெரியப்பா தினமும் கேட்கிறார்.

உன் பங்காளி