அம்மாவுக்கு, பின்லாந்தின் தம்பெரே நகரிலிருந்து

அன்புள்ள அம்மாவுக்கு,

தங்கச்சி எழுதிய கடிதமும் பாப்பா வரைந்த படமும் வந்து சேர்ந்தன. போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். போனை நீ ஸ்பீக்கரில் போட்டுவிடுவாய், திண்ணையில் இசக்கி மாமா உட்கார்ந்திருப்பார். இது நீ மட்டும் படிக்க வேண்டியது. எழுத்து தெரியவில்லை என்றால் தங்கச்சியை வாசிக்கச் சொல். வேறு யார் கையிலும் கொடுக்காதே.

நான் நன்றாக இருக்கிறேன். குளிர் மைனஸ் 20 வரை போய்விட்டது. காலை ஒன்பதரை வரை இருட்டு, மத்தியானம் மூன்று மணிக்கெல்லாம் திரும்பவும் இருட்டு. மேல்மாடி அம்மா தன்னுடைய பழைய கம்பளிக் கோட்டைக் கொடுத்தார், நல்ல கனம், அதனால் புதிதாக வாங்கவில்லை. இங்கே ரை என்ற தானியத்தில் கறுப்பாக, புளிப்பாக ஒரு ரொட்டி செய்கிறார்கள். இரண்டு துண்டு தின்றால் சாயங்காலம் வரை தாங்கும், தினமும் சோறு பொங்க வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமையும் முதியோர் இல்லத்தில் ஷிப்ட் கேட்டு வாங்கிக்கொள்கிறேன். வீட்டில் இருந்து என்ன செய்ய?

மேல்மாடி அம்மாவைப் பற்றி முன்பே சொன்னேனே, படியில் எதிரே வந்தால் ஒரு வார்த்தை பேசமாட்டார், பனியில் கம்பளத்தை விரித்துப் போட்டு அடித்துக்கொண்டிருப்பார் என்று. அவருக்கு வயது 78. உறைந்து கிடக்கும் நாசியார்வி ஏரியில் பனிக்கட்டியை வெட்டிக் குழி விட்டிருப்பார்கள், அதில் இறங்கிக் குளித்துவிட்டு வருகிற மனுஷி. ஒரு நாள் கதவைத் தட்டி, "துண்டு எடுத்துக்கொண்டு வா" என்றார். பிஸ்பலா மேட்டில் உள்ள ராயபோர்ட்டி சவுனாவுக்குக் கூட்டிப் போனார். 1906-இல் ஆரம்பித்தது. இன்றும் நடக்கிற பொதுச் சவுனாக்களில் இந்த நாட்டிலேயே அதுதான் பழையது.

சவுனா ஒரு சூட்டு அறை அம்மா. உட்காரப் பலகைத் தட்டுகள், ஒரு பெரிய அடுப்பு, அதில் குவியலாகக் கற்கள். கல் நன்றாகக் காய்ந்ததும் அகப்பையால் தண்ணீர் ஊற்றுவார்கள், ஆவி குப்பென்று வந்து முதுகில் இறங்கும். 55 லட்சம் பேர் உள்ள இந்த நாட்டில் 33 லட்சம் சவுனா இருக்கிறதாம். 2020-இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில்கூடச் சேர்த்தார்கள். அங்கே ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி. முதலில் குளித்துவிட்டு, துண்டை விரித்து அதன்மேல் உட்கார வேண்டும். உடம்பில் துணி எதுவும் கிடையாது.

எனக்குக் கை காலெல்லாம் நடுங்கியது. தாமிரபரணியில் பாவாடையை நெஞ்சுக்கு மேல் ஏற்றிக் கட்டிக் குளித்து, ஈரத்துணிக்குள்ளேயே மாற்றிக்கொண்டு கரையேறுகிறவர்கள்தானே நாம். பாப்பாவை ஆபரேஷன் செய்து எடுத்த பிறகு அந்தத் தழும்பை நான் கண்ணாடியில் பார்த்ததே கிடையாது. வயிறு தொங்குகிறது, தோள் கறுப்பு, தொடை பெருசு என்று எத்தனை பேர் சொல்லியிருக்கிறார்கள். கோமு பெரியம்மா என் கல்யாணப் பந்தலிலேயே சொன்னாள்.

உள்ளே போனால் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பாட்டிகள், காலேஜ் படிக்கிற வயசுப் பெண்கள், மாசமாக இருந்த ஒருத்தி. சரிந்த மார்பு, நரம்பு சுருண்ட கால், முழங்காலில் நீளமாகத் தையல் போட்ட கோடு, எல்லாம் வெளிச்சத்திலேயே. மேல்மாடி அம்மாவுக்கு இடது மார்பு இல்லை. புற்றுநோய் வந்து எடுத்துவிட்டார்களாம். அதை மறைக்க அவர் கை ஒரு தடவைகூடப் போகவில்லை. என் தழும்பைப் பார்த்து "வலிக்கிறதா?" என்று கேட்டார். குளிர் நாளில் இழுக்கும் என்றேன். தலையை ஆட்டிவிட்டுக் கல்லில் இன்னும் ஓர் அகப்பை ஊற்றினார்.

அவர் பிறந்ததே அவர்கள் பண்ணை வீட்டுச் சவுனாவில்தானாம். அந்தக் காலத்தில் சூடும் வெந்நீரும் சுத்தமும் அங்கேதான் இருந்ததால் பிரசவம் பார்த்ததும் அங்கே, இறந்தவர்களைக் குளிப்பாட்டியதும் அங்கே. சவுனாவுக்குள் கோயிலில் இருப்பதுபோல் இருக்க வேண்டும் என்று சொல்லித்தான் பிள்ளைகளை வளர்ப்பார்களாம். அதை அவர் சொன்னபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

அப்புறம் நானாகவே போக ஆரம்பித்தேன். இல்லத்தில் தினமும் பாட்டிகளைக் குளிப்பாட்டுகிறேன். மடிப்பு மடிப்பாகத் துடைத்து, ஈரம் தங்காமல் ஒற்றி, பவுடர் போட்டு விடுகிறேன். ஒரு நாளும் அந்த உடம்புகளை அசிங்கம் என்று நினைத்ததில்லை. அவ்வளவு பக்குவமாகத் துடைக்கிற இந்தக் கைதான் என் உடம்பை மட்டும் அவசர அவசரமாகத் தேய்த்து மூடிக்கொண்டிருந்தது. இப்போது நிதானமாக எண்ணெய் தேய்த்துக்கொள்கிறேன். தழும்பிலும் தேய்க்கிறேன்.

இதையெல்லாம் உன்னிடம் சொல்லக் காரணம் இருக்கிறது. உனக்கு அடியிறக்கம் இருப்பதை, கர்ப்பப்பை கீழே இறங்கியிருப்பதை, தங்கச்சி எழுதிவிட்டாள். அவளைத் திட்டாதே. வருஷக் கணக்காகத் துணி வைத்துக்கொண்டு, கல்யாணம் காட்சிக்குப் போகாமல், ஒருபக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்து பீடி சுற்றினாயாமே. அதை மூட்டு வலி என்று எங்களிடம் சொன்னாய். மூன்று பிள்ளை பெற்று, பிள்ளை பெற்ற மாசமே நடவுக்குப் போய், நாற்றுக்கட்டும் தண்ணிக்குடமும் தூக்கிய உடம்பு அது. பிரசவமும் பாரம் தூக்குவதும்தான் இதற்குப் பெரிய காரணம். நீ எந்தத் தப்பும் செய்யவில்லை, இதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை. இங்கே நான் பார்த்துக்கொள்கிற பாட்டிகளிலும் சிலருக்கு இருக்கிறது, டாக்டரிடம் அவர்களே வாய்திறந்து சொல்கிறார்கள். ஆரம்பத்திலேயே போனால் பயிற்சி சொல்லித் தருவார்கள். உள்ளே ஒரு வளையம் வைத்தும் தாங்கச் செய்யலாம். ரொம்ப இறங்கியிருந்தால் ஆபரேஷன். எது வேண்டும் என்று பார்த்தால்தானே தெரியும்?

பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குப் போ. பெண் டாக்டர் பார்க்க வேண்டும் என்று கேள். காப்பீட்டு அட்டை பீரோவில் அப்பா போட்டோவுக்குப் பின்னால் இருக்கிறது. தங்கச்சி கூட வருவாள், இசக்கி மாமாவிடம் கண் டாக்டரைப் பார்க்கப் போவதாகச் சொல்லிக்கொள்ளுங்கள்.

பாப்பா படத்துக்குப் பின்னால் எழுதியிருக்கிறாள், வெள்ளையாகிற கிரீம் வாங்கி அனுப்பு அம்மா என்று. அதைப் படித்துவிட்டு அன்று ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவளைக் கருவாச்சி என்று கூப்பிடுவது யார்? சின்னத் தம்பியாக இருந்தால் அவனிடம் நான் பேசிக்கொள்கிறேன். விளையாட்டுக்குக்கூட அந்தப் பேச்சு நம் வீட்டில் வேண்டாம். ஓடட்டும், ஆற்றில் நீச்சல் பழகட்டும், வயிறு நிறையச் சாப்பிடட்டும். மார்கழியில் காலையிலேயே எழுந்து உன்கூடக் கோலம் போடுகிறாளாமே. கோயில் ஸ்பீக்கர் சத்தம், நீ சாணி கரைக்கிற வாசனை, அவள் தூக்கக் கலக்கத்தில் என்மேல் சாய்வது... சரி, அதை இப்போது எழுத வேண்டாம்.

இந்த மாசப் பணம் ஒரு வாரம் பிந்தும், இங்கே வாடகைக் கணக்கில் ஒரு சின்ன மாற்றம். வளையலை மீட்க அவசரப்படாதே, நான் பார்த்துக்கொள்கிறேன். வருகிற பணத்தில் முதலில் ஆஸ்பத்திரிச் செலவு, பிறகுதான் மாமா வீட்டுக் கடன். மழை ஒழுகுகிற பின்கட்டு ஓட்டைத் தம்பியை விட்டு மாற்றச் சொல். நீ ஏணியில் ஏறாதே, குடமும் தூக்காதே, பாப்பா சின்னக் குடத்தில் எடுக்கட்டும். டாக்டர் என்ன சொன்னார் என்பதைத் தங்கச்சியை விட்டுத் தனியாக எனக்கு எழுதச் சொல். எந்தத் தேதிக்குப் போகிறீர்கள் என்று மட்டும் போனில் சொன்னால் போதும்.

உன் மகள்,
செல்வி