குறைந்த ரேட்டிங் வாங்கியவர் பேசினால் புலம்பலா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் அப்ரைசல், அதாவது அலுவலகங்களில் வருஷா வருஷம் நடக்கும் வேலை மதிப்பீடு, பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். அதில் ஓர் எச்.ஆர். (மனிதவளத் துறை) அதிகாரி, "குறைந்த ரேட்டிங் வாங்கியவர்கள்தான் பாரபட்சம் என்று புலம்புவார்கள். நன்றாக வேலை செய்கிறவர்களுக்கு அந்தப் பிரச்சினையே வராது" என்று சொல்லியிருக்கிறார். அவர் அப்படிச் சொன்னதில் எனக்கு ஆச்சரியமில்லை, அவருடைய உத்தியோகம் அப்படி. ஆனால் நீங்கள் அதைக் கட்டம் கட்டி, கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். ஓர் எதிர்க்கேள்வி கூட இல்லை. அம்மா காலத்திலிருந்து எங்கள் வீட்டில் உங்கள் பத்திரிகைதான் வாங்குகிறோம். அந்த உரிமையில் எழுதுகிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நான் பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். வருஷக் கடைசியில் அவரவர் செய்த வேலையை அவரவரே எழுதிக் கொடுக்க வேண்டும். மேனேஜர் அதன் கீழே குறிப்பு எழுதுவார். அப்புறம் மேனேஜர்கள் எல்லோரும் ஓர் அறையில் உட்கார்ந்து பேசுவார்கள், நார்மலைசேஷன் என்று பெயர். முதல் தரம் இத்தனை சதவீதம்தான், கடைசித் தரம் இத்தனை சதவீதம் கட்டாயம் என்று மேலிருந்து கணக்கு வந்துவிடும். பெல் கர்வ் என்கிற இந்தப் பங்கீடு ஆயிரக்கணக்கான பேர் இருக்கும் இடத்துக்குப் பொருந்தலாம். எட்டுப் பேர் இருக்கிற டீமுக்கு எப்படிப் பொருந்தும்? எட்டுப் பேரும் உயிரைக் கொடுத்து உழைத்த வருஷத்திலும் ஒருவர் தலை உருண்டாக வேண்டும். அது யார் தலை என்பது மேனேஜர் கையில். அந்த அறைக்குள் நமக்காகப் பேச வேறு ஆள் கிடையாது.

நான் பிரசவத்துக்குப் போன வருஷம் என் தலை உருண்டது. 12 வாரமாக இருந்த மகப்பேறு விடுப்பை 2017-ல் சட்டம் திருத்தி 26 வாரமாக்கினார்கள். நல்ல சட்டம், நன்றியோடுதான் சொல்கிறேன். விடுப்புக்குப் போகும் வரை மென்பொருளை வெளியிடும் ரிலீஸ் வேலை முழுக்க நான்தான் பார்த்தேன். திரும்பி வந்த பிறகு, குழந்தையைத் தூங்க வைத்துவிட்டு நள்ளிரவு வரை கிளையன்ட்டோடு போனில் இருந்திருக்கிறேன். ரேட்டிங் வந்தபோது டீமிலேயே கடைசி நான்தான். ஏன் என்று கேட்டேன். "பாதி வருஷம் நீங்க இல்லையேம்மா, யாருக்காவது கொடுத்துத்தானே ஆகணும். உங்க வீட்டுக்காரரும் சம்பாதிக்கிறார். அவனுக்கு ஹோம் லோன் இருக்கு" என்றார் மேனேஜர்.

அவன் என்றது யாரை என்று டீமில் எல்லோருக்கும் தெரியும். இருவரும் ஒரே கல்லூரி. சாயங்காலமானால் சேர்ந்துதான் கீழே டீக்கடைக்கு சிகரெட் பிடிக்கப் போவார்கள். அடுத்த புராஜெக்ட் யாருக்கு, ஆன்சைட் (கிளையன்ட்டின் நாட்டுக்கே போய்ப் பார்க்கும் வேலை) யாருக்கு என்பதெல்லாம் அங்கேயே பேசி முடிந்திருக்கும். மேலே நாங்கள் மீட்டிங்கில் உட்கார்ந்து தலையாட்டுவதோடு சரி. எனக்கு வர வேண்டிய ஆன்சைட் வாய்ப்பும் அப்படித்தான் கை மாறியது. "குழந்தை சின்னதா இருக்கே" என்று என்னைக் கேட்காமலேயே அவர்கள் முடிவு செய்துவிட்டார்கள்.

இதையெல்லாம்கூட விட்டுவிடலாம். மேனேஜர் குறிப்பு என்ற கட்டத்தைத் திறந்து படித்தேன். மூன்றாவது வரியில் வேறொருவர் பெயர் இருந்தது. அவருக்கு எழுதியதை அப்படியே காப்பி செய்து என் படிவத்தில் ஒட்டியிருக்கிறார்கள். நான் தொட்டே பார்க்காத டெஸ்டிங் வேலையில் எனக்கு 'முன்னேற்றம் தேவை' என்று இருந்தது. ஸ்கிரீன்ஷாட்டோடு எச்.ஆருக்கு மெயில் போட்டேன். பெயரை மாற்றினார்கள். ரேட்டிங்கை மாற்றவில்லை. ரேட்டிங்கைப் பொறுத்துத் தரும் அந்த வருஷத்து வேரியபிள் பே போனது போனதுதான். ஆள் குறைக்கும் நேரத்தில் முதலில் எடுத்துப் பார்ப்பதும் இந்த ரேட்டிங்கைத்தான் என்பது உங்களுக்குத் தெரியாததா?

என் அப்பா மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் இருந்தார். அவர் காலத்தில் இரகசிய அறிக்கை. படுமோசமாக எழுதினால்தான் ஊழியருக்குத் தெரிவிப்பார்கள். பதவி உயர்வுக்கு 'மிக நன்று' வேண்டும் என்றிருக்கும் இடத்தில் வெறும் 'நன்று' என்று எழுதினாலே கதை முடிந்தது, ஆனால் அது வெளியே வராது. தனக்குப் பின்னால் வந்தவர்கள் தன்னைத் தாண்டிப் போனது ஏன் என்று தெரியாமலேயே அப்பா ஓய்வு பெற்றார். அதற்கப்புறம்தான் 2008-ல் தேவ் தத் வழக்கில், எந்த மதிப்பீடாக இருந்தாலும் ஊழியருக்குத் தெரிவித்தாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அடுத்த வருஷமே மத்திய அரசும் ஆணை போட்டது: அறிக்கையை முழுதாகக் கொடுக்க வேண்டும், ஊழியர் 15 நாளுக்குள் மறுப்பு எழுதித் தரலாம். அங்கே எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்லவில்லை. எழுத்தில் கேட்க ஒரு வழியாவது இருக்கிறது. எங்களுக்கு அதுவும் இல்லை.

ஊழியர்களை இப்படித் தரம் பிரித்துக் கடைசியில் இருப்பவர்களை வெளியேற்றும் முறையைப் பிரபலமாக்கியவர் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத் தலைவராக இருந்த ஜாக் வெல்ச். அந்த நிறுவனமே பின்னாளில் அதைக் கைவிட்டது. மைக்ரோசாஃப்ட் 2013-ல் கைகழுவியது. அமெரிக்காவில் 2000-ல் வெளிவந்த ஓர் ஆய்வு, சுமார் 4,500 மேனேஜர்களுக்குக் கிடைத்த மதிப்பெண்களை அலசிப் பார்த்தது. மதிப்பெண் ஆளுக்கு ஆள் மாறுவதில் பாதிக்கு மேல், மதிப்பிடுகிறவரின் தனிப்பட்ட போக்கால் வருவது என்று கண்டார்கள். உங்கள் நிருபர் தேடியிருந்தால் சிரமமில்லாமல் கிடைத்திருக்கும். அப்படியிருக்க, பாரபட்சம் என்பது தோற்றவர்களின் புலம்பல் என்று எப்படி அச்சிட முடிந்தது?

சொல்ல வந்துவிட்டேன், இதையும் சொல்லிவிடுகிறேன். ஐ.டி.க்காரர்களால் வாடகை ஏறிவிட்டது என்று பக்கம் பக்கமாக எழுதினீர்கள். எங்கள் சம்பளத்தை அட்டைப்படத்திலேயே போட்டீர்கள். ஆட்குறைப்பு நடந்தபோது ஒரு மூலையில் ஒரு பத்தி வந்தது. ஐ.டி. ஊழியர்களும் தொழிற்சங்கம் அமைக்கலாம் என்று 2016-ல் தமிழக அரசு தெளிவுபடுத்தியதே, அதைப் பற்றி உங்கள் பத்திரிகையில் ஒரு வரி படித்ததாக எனக்கு நினைவில்லை.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த முறை எச்.ஆர். அதிகாரி யாரையாவது பேட்டி எடுத்தால் இரண்டு கேள்வி கேளுங்கள். ரேட்டிங் குறைந்ததற்கான காரணத்தை ஊழியருக்கு எழுத்தில் கொடுக்கிறீர்களா? அந்த அறையில் உட்காராத ஒருவரிடம் ஊழியர் முறையிட வழி வைத்திருக்கிறீர்களா? என்ன பதில் வருகிறதோ அதை இதே அளவுக் கட்டத்தில் போடுங்கள்.

கடிதத்தை வெளியிட்டால் என் பெயரைப் போட வேண்டாம். இந்த வருஷத்து அப்ரைசல் இன்னும் முடியவில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சோழிங்கநல்லூர், சென்னை.