செம்பனை நிரையில் ஜெபமாலை

பாடாங் செராய், கெடா
27 ஜூலை 2025

அன்புள்ள அம்மாவுக்கு,

சர்வேசுரனுக்குத் தோத்திரம். நான் நல்ல சுகம். நீங்களும் தங்கச்சியும் சுகமாக இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன்.

வாரத்துக்கு மூன்று நாள் போனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று தங்கச்சி கேட்பாள். நீங்கள் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, பக்கத்து வீட்டு அத்தை வரைக்கும் சுற்றி உட்கார்ந்திருக்கும்போது எனக்குச் சில விஷயம் வாயில் வருவதில்லை. உங்களிடம் ஒன்றை மறைத்துவிட்டேன், அம்மா. மே மாதம் எனக்குக் காலில் அடிபட்டது. இப்போது ஆறிவிட்டது, நன்றாக நடக்கிறேன். அதனால் பதறாமல் படியுங்கள்.

முதலில் வேலையைப் பற்றிச் சொன்னால்தான் அது புரியும். சூப்பர் மார்க்கெட் வேலை என்று ஏஜெண்ட் சொன்னதும், வந்து இறங்கிய பிறகு தோட்டம் என்று தெரிந்ததும் உங்களுக்குத் தெரிந்த கதைதான். காலையில் ஆறு மணிக்குப் பெரட்டு, அதாவது ஆள் கணக்கெடுப்பு. இங்கே ஆறு மணிக்கும் கும்மிருட்டு. ஏழுக்கு மேல்தான் வெளிச்சம் வரும். அப்புறம் ஆளுக்கு இத்தனை நிரை, அதாவது மர வரிசை, என்று மண்டோர் பிரித்துக் கொடுப்பார். மண்டோர் என்றால் நம் ஊர் மேஸ்திரி மாதிரி. எண்ணெய் எடுக்கிற செம்பனை மரத்தடியில் பழம் உதிர்ந்து கிடக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். உதிர்ந்திருந்தால் மேலே குலை பழுத்துவிட்டது என்று அர்த்தம். நீளமான அலுமினியக் கம்பு, அதன் நுனியில் அரிவாள். குலைக்குக் கீழே இருக்கிற மட்டையை முதலில் அறுத்துத் தள்ளிவிட்டு, பிறகு குலையின் காம்பில் அரிவாளைக் கொக்கி மாதிரி மாட்டி இழுக்க வேண்டும். இருபது கிலோ குலை தொம்மென்று விழும்போது தரை அதிர்வது பாதத்தில் தெரியும். பழுக்காத குலையை வெட்டினால் பணம் பிடிப்பார்கள். விழுந்த பழம் அன்றைக்கே ஆலைக்குப் போய்விடுவது நல்லது, கிடக்கக் கிடக்க எண்ணெய் கெட்டுவிடும்.

மட்டையின் அடிப்பக்கம் இரண்டு ஓரத்திலும் முள் இருக்கும். அப்படி ஒரு மட்டை சறுக்கி வந்து பூட்ஸ் ஓரத்தைக் குத்திக் காலுக்குள் ஏறிவிட்டது. முள்ளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு வேலை பார்த்தேன். மூன்றாம் நாள் கால் வீங்கி, காய்ச்சல் வந்து, எழுந்து நிற்க முடியவில்லை. என்னோடு தங்கியிருக்கிற வங்காளதேசத்துப் பையன்தான் என்னை முதுகில் சுமந்து மோட்டார் சைக்கிள் நிற்கிற இடம் வரைக்கும் கொண்டுபோனான். ஒல்லியான பையன், என் எடையில் பாதிதான் இருப்பான். கிளினிக்கில் கீறிச் சீழை எடுத்துவிட்டு ஆறு நாள் எம்சி எழுதிக் கொடுத்தார்கள். வேலைக்குப் போக வேண்டாம் என்ற டாக்டர் சீட்டை இங்கே அப்படித்தான் சொல்வார்கள்.

அந்த ஆறு நாள் லயத்தில், அதாவது எங்கள் தோட்டத்துக் குடியிருப்பில், தகரக் கூரையைப் பார்த்துக்கொண்டு தனியாகப் படுத்திருந்தேன். ஜெபம் வரவில்லை, அம்மா. ஜெபமாலையைக் கையில் பிடித்திருந்தேன், உதடு அசைந்தது, அவ்வளவுதான். அடகில் இருக்கிற உங்கள் செயினும், கட்ட வேண்டிய வட்டியும்தான் மனதில் ஓடின. அப்போது ஒரு பழைய நாள் ஞாபகம் வந்தது. நான் ஏழாவது படிக்கும்போது மழை முந்திக்கொண்டு வந்து பாத்தியில் இருந்த உப்பெல்லாம் ஒரே ராத்திரியில் கரைந்ததே, அந்த வருஷம். அன்றைக்கும் நீங்கள் குடும்ப ஜெபம் முடிந்ததும் தோத்திரம் சொன்னீர்கள். எதற்குத் தோத்திரம், சாமி நமக்கு என்ன கொடுத்துவிட்டார் என்று நான் கத்தினேன். நீங்கள் பதில் சொல்லவில்லை. மேஸ்திரி அரிசி வாங்க இருபது ரூபாய் கொடுத்தார், பக்கத்து வீட்டில் மண்ணெண்ணெய் கொடுத்தார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிச் சிலுவை போட்டுக்கொண்டீர்கள். உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதோ என்னமோ, எனக்கு நன்றாக இருக்கிறது.

நானும் படுத்தபடியே அப்படிச் சொல்லிப் பார்த்தேன். சுமந்துகொண்டு போனவனுக்காகத் தோத்திரம். கஞ்சி வைத்துக் கொடுத்த நேபாளத்து அண்ணனுக்காகத் தோத்திரம். ஊசி போடும்போது வலிக்கும் என்று தமிழில் சொன்ன அந்த நர்ஸ் அக்காவுக்காகத் தோத்திரம். ஆறேழு பேரைச் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது. அன்றைக்குத்தான் ஜெபம் மறுபடி வந்தது. இப்போதெல்லாம் மொத்தமாகத் தோத்திரம் சொல்வதில்லை, ஆள் ஆளாகத்தான் சொல்கிறேன்.

இங்கே தோட்டத்து லயங்களில் இப்போது தமிழ்க் குடும்பங்கள் குறைவு. ரப்பர்ப் பால்மரம் போய்ச் செம்பனை வந்து, பிள்ளைகள் படித்து டவுனில் தாமான் என்கிற குடியிருப்பு வீடுகளுக்குப் போய்விட்டார்கள். எங்களை மாதிரி வெளிநாட்டு ஆட்கள்தான் லயத்தில் இருக்கிறோம். கடைசி வீட்டில் மட்டும் ஒரு பாட்டி இருக்கிறார். சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே பால் வெட்டினவர். வாரம் ஒருநாள் அவர் வீட்டில் ஜெபமாலை சொல்வோம். அவர் சொல்கிற தமிழ் ஜெபம் நம் ஆச்சி சொல்வது மாதிரியே இருக்கும்.

ஜூன் மாதம் வந்த சம்பளச் சீட்டைப் பார்த்தால் அந்த ஆறு நாள் சம்பளத்தைப் பிடித்திருந்தார்கள். அடிப்படைச் சம்பளமே 1,700 வெள்ளி, அதாவது ரிங்கிட், அதில் ஆறு நாள் போனால் வீட்டுக்கு என்ன அனுப்புவது? எல்லாவற்றுக்கும் நன்றி சொல்லிப் பொறுத்துக்கொள்வதுதான் விசுவாசம் என்று நினைத்து நான் பேசாமல் இருந்தேன். பாட்டியிடம் சொன்னபோது அவர், “ஆண்டவர்கிட்ட கேக்கிற, கிராணிகிட்ட கேக்கிறதுக்கு என்னய்யா?” என்றார். ஆபீஸ் கணக்கரைத்தான் இங்கே கிராணி என்பார்கள். அங்கேயே என் தலையில் கை வைத்து ஒரு ஜெபம் சொன்னார். மறுநாள் எம்சி சீட்டை எடுத்துக்கொண்டு ஆபீசுக்குப் போனேன். உள்ளுக்குள் நடுக்கம்தான். கிராணி நோட்டைப் புரட்டிப் பார்த்து, பதிவு விட்டுப்போயிருக்கிறது என்றார். நாலு நாள் சம்பளம் வந்துவிட்டது. மீதி இரண்டு நாளைக்கு இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஞாயிறு பூசையைப் பற்றி நீங்கள் போனில் கேட்டீர்கள், சரியாகப் பதில் சொல்லவில்லை. கெடா மாநிலத்தில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். எங்கள் தோட்டத்தில் வெள்ளி மட்டும் லீவு. ஞாயிற்றுக்கிழமை வேலை நாள், அம்மா. முதல் இரண்டு மாதம் அது எனக்குப் பெரிய துக்கமாக இருந்தது. அப்புறம்தான் சனிக்கிழமை சாயங்காலப் பூசை ஞாயிறு பூசைக்குச் சமம் என்று உபதேசியார் சொன்னார். சனிக்கிழமை வேலை முடிந்து, குளித்து, பாட்டியின் பேரன் மோட்டாரில் பின்னால் உட்கார்ந்து போய்விடுவேன். அசதியில் பிரசங்கத்தின்போது கண் சொக்கும். மற்ற நாளில் எனக்குக் கோயில் அந்தச் செம்பனை நிரைதான். ஒரு மரத்துக்கு ஓர் அருள் நிறைந்த மரியே. அரிவாளை மாட்டும்போது நிறுத்திக்கொள்வேன், மேலே கண் வைத்திருக்க வேண்டும். குலை விழுந்ததும் விட்ட இடத்திலிருந்து சொல்வேன். ஐம்பத்து மூன்று மணிக்கு ஐம்பத்து மூன்று மரம்.

அந்த உபதேசியார் நான் தூத்துக்குடி என்றதும் கையைப் பிடித்துக்கொண்டார். 1542இல் நம் கடற்கரைக்கு வந்து தமிழில் ஜெபம் சொல்லிக் கொடுத்த சவேரியார், 1545இல் இந்த நாட்டு மலாக்காவுக்கும் வந்திருக்கிறார். சீனக் கரையில் இறந்த பிறகு அவர் உடலைக் கோவாவுக்குக் கொண்டுபோகும் முன் மலாக்காவில்தான் அடக்கம் செய்து வைத்திருந்தார்களாம். அந்தக் காலியான கல்லறை இன்னும் அங்கே மலைமேல் இருக்கிறது. எனக்கு முன்னாலேயே நம் ஊர்க் கரையிலிருந்து ஒருவர் இங்கே வந்து நடந்திருக்கிறார் என்று நினைத்தபோது இந்த நாடு கொஞ்சம் கிட்டே வந்த மாதிரி இருந்தது.

நேற்று ஜூலை 26. பனிமய மாதா கோயிலில் கொடி ஏறுகிற வீடியோவைத் தங்கச்சி அனுப்பியிருந்தாள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் மட்டைக் குவியல் மேல் உட்கார்ந்து மூன்று தடவை பார்த்தேன். அதே நாள்தான் இங்கே பக்கத்து புக்கிட் மெர்தாஜாமில் அன்னம்மாள் திருநாள். யோசித்துப் பாருங்கள், அங்கே மாதாவுக்குக் கொடி ஏறுகிறது, இங்கே மாதாவைப் பெற்ற அம்மாவுக்குத் திருநாள்! 1888இல் கட்டிய பழைய கோயில் குன்றின் அடியில் இருக்கிறது, பெரிய புதுக் கோயிலும் உண்டு. 2019இல் அதற்கும் பசிலிக்கா என்ற சிறப்புப் பட்டம் கொடுத்திருக்கிறார்கள். நம் மாதா கோயிலுக்கு 1982லேயே அது கிடைத்துவிட்டது என்று பாட்டியிடம் பெருமையாகச் சொன்னேன்.

வெள்ளி லீவு என்பதால் முந்தின நாளே போய்விட்டோம். சீனர்கள், தமிழர்கள், நெற்றியில் திருநீறு வைத்த அக்காமார் எல்லாரும் மெழுகுதிரி வாங்கிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். எனக்கு முன்னால் ஒரு சீனப் பாட்டி சுரூபத்தின் முன் நின்று அவர் பாஷையில் என்னமோ சொல்லிக்கொண்டே இருந்தார். ஒரு வார்த்தை புரியவில்லை, ஆனால் அது பிள்ளைக்காக என்று தெரிந்தது. நீங்கள் மாதா முன்னால் நிற்கிற நிற்பு அப்படியே இருந்தது. நானும் உங்கள் பேரைச் சொல்லி ஒரு திரி ஏற்றினேன்.

இன்னொரு காரியம். என்னைச் சுமந்துகொண்டு போன பையனின் அப்பாவுக்கு அங்கே ஊரில் உடம்பு ரொம்ப மோசம். அவன் விடியற்காலையில் தொழுகைக்கு எழும்போது எனக்கும் விழிப்பு வந்துவிடும். நான் கட்டிலில் உட்கார்ந்து ஜெபிப்பேன், அவன் தரையில் பாய் விரித்துத் தொழுவான். என் கால் ஆற அவன் வேண்டிக்கொண்டான். ஆகஸ்ட் 5 திருநாளுக்குப் போகும்போது அவன் அப்பாவுக்காக மாதா முன்னால் ஒரு திரி ஏற்றுங்கள். மறக்க வேண்டாம்.

இந்த மாதம் 900 வெள்ளி அனுப்பியிருக்கிறேன். முதலில் வட்டியைக் கட்டிவிடுங்கள், மீதியில் தங்கச்சி பீஸ். காயல்பட்டினத்து அண்ணன் ஒருவர் அடுத்த வாரம் லீவில் வருகிறார். அவர் கையில் அன்னம்மாள் கோயில் தண்ணீர் ஒரு சின்ன பாட்டிலில் கொடுத்துவிடுகிறேன். உப்பளத்து வெயிலில் கண் எரிகிறது என்றீர்களே, வேலைக்குப் போகும் முன் இரண்டு கண்ணிலும் தொட்டு வைத்துக்கொள்ளுங்கள். கறுப்புக் கண்ணாடி ஒன்றும் வாங்கி வைத்திருக்கிறேன், அதுவும் அந்தப் பையில் இருக்கும். கூச்சப்படாமல் போட்டுக்கொள்ளுங்கள்.

தோத்திரம் அம்மா.

உங்கள் அன்பு மகன்