எங்கள் கார் பயணச் சங்கம்: இந்த ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

எல்லாருக்கும் வணக்கம். பொதுக்குழுவில் வாசிக்க நேரம் பத்தாது என்பதால் இந்த முறை முழுசாக எழுதியே அனுப்புகிறேன். வரவு செலவைப் பொருளாளர் தனியாகத் தருவார், சந்தா பாக்கி உள்ளவர்கள் அவரைப் பார்த்துவிடுங்கள்.

பீர் குடித்துப் பார்த்து மதிப்பெண் போடுவதற்காக இந்த ஆண்டு நான்கு முறை கிளம்பினோம். புதுச்சேரிப் பயணம் கணக்கில் வராது, ஊத்தங்கரை தாண்டியதும் பிடித்த மழை செங்கம் வரைக்கும் விடவில்லை, திரும்பிவிட்டோம். மற்ற மூன்றும் பெங்களூரு. கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர், அத்திப்பள்ளி வழியாகச் சுமார் 90 கிலோமீட்டர்தான், ஆனால் சனிக்கிழமை சாயங்காலம் ஊருக்குள் நுழைவதற்குள் பாதி உயிர் போய்விடுகிறது. இனிமேல் வார நாளில், காலையிலேயே கிளம்ப வேண்டும் என்பது என் கருத்து.

சரி, மதிப்பெண் விஷயத்துக்கு வருகிறேன், இந்த ஆண்டு நாம் உருப்படியாகக் கற்றுக்கொண்டது அதில்தான். 2003-லிருந்து நம் பக்கம் மதுக்கடை என்றால் டாஸ்மாக்தான், அங்கே பீர் என்றால் ஜில்லென்று இருக்கிறதா, ஸ்ட்ராங்கா என்ற இரண்டு கேள்விதான். போன ஆண்டு அதே நாக்கோடு போய், அங்கேயே பீர் தயாரித்து ஊற்றித் தரும் மைக்ரோபிரூவரிகளுக்கு மதிப்பெண் போட்டோம். போதை ஏறாத நல்ல பீருக்கெல்லாம் பத்துக்கு மூன்று போட்டிருக்கிறோம், பழைய நோட்டைப் புரட்டும்போது மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. அதனால் இந்த ஆண்டு அமெரிக்காவில் பீர் நடுவர்களுக்குச் சான்றிதழ் தரும் பி.ஜே.சி.பி. அமைப்பின் மதிப்பெண் தாளை எடுத்துக்கொண்டோம். மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் எப்படி நிற்கிறது என்பதற்கு 5, மொத்த அபிப்பிராயத்துக்கு 10, ஆக 50. மணத்துக்குப் பன்னிரண்டா என்று கேட்டவர்கள் எல்லாம் முதல் பயணத்திலேயே வாயை மூடிக்கொண்டார்கள்.

பெங்களூரு இந்திராநகரில் டாயிட் என்ற மைக்ரோபிரூவரியில் கோதுமை பீர் வந்தபோது நடந்தது அது. கிளாஸை மூக்கருகே கொண்டுபோனால் பழுத்த வாழைப்பழம், பின்னாலேயே லேசாகக் கிராம்பு. எசன்ஸ் ஊற்றியிருக்கிறார்கள் என்று நம்மில் நாலு பேர் சத்தியமே பண்ணினார்கள். பழமும் இல்லை, கிராம்பும் இல்லை, அந்த வகைக்கென்றே இருக்கும் ஈஸ்ட் புளிக்கும்போது தானாகவே உண்டாக்குகிற வாசனை அது. மால்ட் என்பதும் நமக்குத் தெரியாத சமாச்சாரம் இல்லை. தர்மபுரிப் பக்கம் வீட்டில் கேழ்வரகை முளைகட்டிக் காயவைத்து அரைக்கிறோமே, அதே வேலையைத்தான் பார்லியில் செய்கிறார்கள். முளைவிட்ட தானியத்தில் மாவுச்சத்து சர்க்கரையாக மாறத் தயாராகிறது, ஈஸ்ட்டுக்குச் சாப்பாடு அந்தச் சர்க்கரைதான்.

இப்போது ஒரு திருத்தம். ஒரு இடத்தில் வெண்ணெய் வாசனை அடித்த பீருக்கு எல்லாரும் சேர்ந்து 41 போட்டோம், "நெய் தோசை மாதிரி இருக்கு" என்று பாராட்டி வேறு எழுதியிருக்கிறோம். அது குறை. டயசெட்டில் என்று அதற்குப் பெயர். பீர் புளித்து முடியும் கட்டத்தில் ஈஸ்ட்டுக்கு இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் அதுவே திரும்ப இழுத்துக்கொண்டிருக்கும், அவசரப்பட்டு இறக்கினால் தங்கிவிடும். குழாய் சுத்தமில்லாவிட்டாலும் வரும். எது காரணம் என்று பார்க்க இரண்டு மாதம் கழித்து மறுபடி போனோம், அப்போது அந்த வாசனை இல்லவே இல்லை. பழைய மதிப்பெண்ணை அடித்துவிட்டுப் புதிதாகப் போட்டிருக்கிறேன். ஒரே தடவை போய்ப் போட்ட மதிப்பெண்ணை இனிமேல் பட்டியலில் ஏற்றக் கூடாது என்று தீர்மானம் கொண்டுவருகிறேன்.

மாம்பழ பீரைச் சொல்லாமல் விட்டால் கிருஷ்ணகிரிக்காரன் என்று சொல்லிக்கொள்ள முடியாது. மே மாதப் பயணத்தில் ஒரு கடையில் அல்போன்சா என்று அட்டையில் போட்டிருந்தது. மாங்கூழ் ஆலையில் வேலை பார்க்கும் நம் அண்ணன் ஒரு வாய் குடித்தார், கிளாஸைக் கீழே வைத்தார், "இது நம்ம பெங்களூரா கூழ்ப்பா" என்றார், அதாவது அல்போன்சா இல்லை, பெங்களூரா என்ற வேறு மாம்பழ ரகம். கேட்டுப் பார்த்தோம், சமையலறைக்கு ஒரு ஆள் போய்ப் பார்த்துவிட்டு வந்து ஆமாம் என்றார். பெங்களூராவின் புளிப்பு அந்த பீருக்கு நன்றாகவே சேர்ந்திருந்தது, அதன் பெயரையே போட்டிருக்கலாம். எனக்கு அது இன்னும் மனசில் உறுத்துகிறது.

ஆர்பர் மைக்ரோபிரூவரியில் ரேஜிங் எலிஃபண்ட் என்ற, கசப்பு தூக்கலான ஐ.பி.ஏ. வகை பீர் குடித்தோம், கசப்பு பிடிக்காதவர்களும் இரண்டாவது வாயில் முகம் மலர்ந்தார்கள். ஒயிட்ஃபீல்டில் விண்ட்மில்ஸ் என்ற மைக்ரோபிரூவரியில் ஜாஸ் கச்சேரி தொடங்கியதும் யாருக்கும் பேனா எடுக்கக் கை வரவில்லை, அதனால் அது பட்டியலில் இல்லை.

அப்புறம், வண்டி ஓட்டுகிறவர் ஒரு சொட்டுக்கூடத் தொடக் கூடாது என்ற விதியை எல்லாரும் காப்பாற்றினீர்கள், நன்றி. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் முதல் தடவைக்கே 10,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதச் சிறை, இரண்டும் சேர்ந்தும் வரலாம். அபராதத்தை விடுங்கள், சூளகிரி பக்கம் ராத்திரி லாரிகள் வரும் வேகம் எல்லாருக்கும் தெரியும். ஓட்டியவர்களே இந்த ஆண்டு மணத்துக்கு மதிப்பெண் போட்டார்கள். மூக்கு தெளிவாக இருப்பது அவர்களுக்குத்தான், தாளைப் பார்த்தாலே தெரிகிறது.

அடுத்த பயணத்துக்கு ஓட்டுநர் பட்டியலில் முதல் பெயராக என் பெயரை எழுதியிருக்கிறேன். மற்ற இரண்டு இடத்துக்குப் பொதுக்குழு அன்றே பெயர் கொடுத்துவிடுங்கள்.

செயலாளர்